மென்தசைச் செல்லின் பெருக்கம்: சேலத்து ஆய்வகம் ஒன்று எந்தச் சமிக்ஞைப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்?

சேலம் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியலிலோ உயிர்த்தொழில்நுட்பவியலிலோ முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள மென்தசைச் செல்களின் பெருக்கத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்பவர், டாக்டரல் கமிட்டியின் முன் முதன்முறை அமர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அந்தச் செல்லைப் பெருகத் தூண்டும் பாதைகளும் பெருகாமல் நிறுத்தும் பாதைகளும் பல உள்ளன. ஓர் இன்குபேட்டரும், புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஒரு வெஸ்டர்ன் பிளாட் சாதனமும் உள்ள ஆய்வகத்தில் அவற்றில் ஒன்றைத்தான் ஆழமாகப் பார்க்க முடியும். பிடிஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியில் தொடங்கி ஈஆர்கே என்னும் நொதி வரை செல்லும் பாதை, செல்லின் வளர்ச்சியை நடத்தும் எம்-டார் நொதியின் பாதை, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சினின் பாதை, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியின் தடுப்புப் பாதை ஆகிய நான்கும் நடைமுறையில் எடுபடக்கூடியவை. இவற்றுள் எது செல் பெருக்கத்தை நேரடியாக ஆள்கிறது, எதில் இன்னும் விடை காணாத கேள்வி மிஞ்சியிருக்கிறது, எதை இங்கே கிடைக்கும் பொருளைக் கொண்டு அளக்க முடியும் என்ற மூன்றையும் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

முதிர்ந்த தமனியின் நடு அடுக்கில் இருக்கும் மென்தசைச் செல் பொதுவாகப் பிரிவதில்லை. சுருங்குவதற்கும் விரிவதற்கும் தேவையான ஆக்டின், மயோசின், கால்போனின் போன்ற புரதங்களை நிறைய வைத்துக்கொண்டு அது தன் வேலையைப் பார்க்கிறது. சுவருக்குக் காயம் ஏற்பட்டால் அதே செல் அந்தப் புரதங்களைக் குறைத்து, பிரிந்து, உள் அடுக்கை நோக்கி நகர்ந்து, அங்கே செல்களுக்கு வெளியே நிரம்பும் புரதப் பொருளைச் சுரந்து தடித்த படலம் ஒன்றை உருவாக்குகிறது. 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதயத் தமனி அடைப்பை முதன்முதலாகப் பலூனால் விரித்த பிறகு, அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சில மாதங்களிலேயே அதே இடம் மீண்டும் குறுகியது. பலூனுக்குப் பிறகு குழாய்ச் சுவரே சுருங்கிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சுருக்கத்தைத் தடுக்க, குழாயைத் திறந்துவைக்கும் கம்பிக் கூடான உலோக ஸ்டென்ட் வந்த பின்னர் எஞ்சியது பெரும்பாலும் மென்தசைச் செல்லின் பெருக்கம்தான். மருத்துவ உலகம் இந்தச் செல்லின் சமிக்ஞைகளில் இவ்வளவு அக்கறை காட்டியதற்கு அதுவே காரணம்.

பிடிஜிஎஃப் பாதையின் வரலாறு எளிமையான ஒரு பரிசோதனையில் தொடங்குகிறது. 1974இல் ரஸ்ஸல் ராஸும் அவருடன் பணியாற்றியவர்களும், உறைந்த இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் குரங்கின் தமனி மென்தசைச் செல்களை வளர்க்கிறது என்றும், இரத்தத் தட்டுகள் நீக்கப்பட்ட பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரம் அவ்வாறு வளர்ப்பதில்லை என்றும் காட்டினர். வேறுபாடு தட்டுகளிலிருந்து வெளிவரும் வளர்ச்சிக் காரணியில் இருந்தது. அந்தக் காரணி செல்லின் மேற்பரப்பிலுள்ள பீட்டா வகை ஏற்பிகளை இரண்டிரண்டாக இணைக்கிறது. இணைந்த ஏற்பிகள் ஒன்றின் டைரோசின்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அந்த பாஸ்பேட்டுகளில் வந்து அமரும் புரதங்கள் வழியாக ராஸ் (இது ஒரு புரதத்தின் பெயர்), ராஃப், எம்இகே, ஈஆர்கே என்ற புரதங்களின் வரிசையில் சமிக்ஞை படிப்படியாக இறங்குகிறது. அதன் முடிவில் செல் பிரிவைத் தூண்டும் சைக்ளின் டி1 கூடி, பிரிவைத் தடுத்துவைக்கும் ஆர்பி புரதத்தின் பிடி தளர்ந்து, செல் டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டத்துக்குள் நுழைகிறது. ஈஆர்கே இன்னொரு வேலையையும் செய்கிறது. அது எல்க்-1 என்னும் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, அந்த எல்க்-1, சுருங்கும் புரதங்களின் மரபணுக்களை இயக்கும் மயோகார்டினை அதன் இடத்திலிருந்து தள்ளிவிட, சுருங்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் அடங்கிப்போகின்றன. பிரிவதும் அடையாளம் மாறுவதும் ஒரே சமிக்ஞையில் பிணைந்திருப்பது இந்தப் பாதையின் சிறப்பு.

கற்பதற்கு இதைவிட நல்ல பாதை இல்லை. பிடிஜிஎஃப் சேர்த்த ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் ஈஆர்கே உச்சத்தைத் தொடும். 44, 42 கிலோ டால்டன் அளவில் தோன்றும் இரட்டைப் பட்டையைப் புதிதாக வேலை பழகுபவரும் அடையாளம் காண முடியும். ஈஆர்கே போல மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர்; இந்தக் கைனேஸில் பாஸ்பேட் ஏறும் பகுதியின் அமினோ அமில வரிசை பாலூட்டிகளிடையே மாறாதது என்பதால், மனித, எலிப் புரதங்களுக்காகத் தயாரிக்கப்பட்ட ஆன்டிபாடி, பின்னர் நான் பரிந்துரைக்கப்போகும் ஆட்டுச் செல்லிலும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம். ஆயினும் தனியொரு ஆய்வேட்டின் மையமாக இதை வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐம்பது ஆண்டுகளாகத் தோண்டப்பட்ட இந்த இடத்தில், ஏதோ ஒரு பொருள் ஈஆர்கே பட்டையை மங்கச் செய்கிறது என்று காட்டுவது எவரையும் இன்று வியக்க வைக்காது. ஈஆர்கே உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களுக்கும் பொதுவானது என்பதால், இதைத் தடுக்கும் மருந்து மென்தசையை மட்டும் தேடிப் பிடிக்காது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அளவுகோலாக வைத்துக்கொள்வதற்கு உகந்த பாதை இது.

எம்-டார் பாதையின் நிலை வேறு. இந்த நான்கில் மனித உடலில் தன்னை ஐயமின்றி நிரூபித்தது இது ஒன்றுதான். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1975இல் அறிவிக்கப்பட்ட ராபமைசின், பின்னர் சிரோலிமஸ் என்ற பெயரில் 1999இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பே, 1995 வாக்கில், அது தமனி மென்தசைச் செல்களின் பெருக்கத்தை நிறுத்துகிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்திருந்தது. செல்லுக்குள் எஃப்கேபிபி12 என்னும் புரதத்துடன் கூடி, எம்-டாரின் முதல் கூட்டமைப்பை அது செயலிழக்கச் செய்கிறது; அதன் கீழ் இயங்கும் எஸ்6 கைனேஸ் அடங்குகிறது; பி27 என்னும் தடைப் புரதம் அழியாமல் தங்குகிறது; செல் முதல் இடைக்கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. 2002இல் வெளியான ரேவல் ஆய்வில் 238 நோயாளிகள் பங்கேற்றனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சாதாரண ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு மறு அடைப்பு இருந்தது. சிரோலிமஸ் பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. இன்று சேலத்து மருத்துவமனைகளில் வைக்கப்படும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுகளிலும் பெரும்பாலும் இந்த லிமஸ் குடும்பத்து மருந்துகளே உள்ளன.

இவ்வளவு வெற்றி பெற்ற பாதையில் ஆய்வு மாணவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், சுவையான ஒன்று இருக்கிறது என்றே சொல்வேன். ராபமைசின் செல்லின் பிரிவை நிறுத்துவதோடு நிற்பதில்லை. சுருங்கும் புரதங்களை மீண்டும் உருவாக்கவும் தூண்டுகிறது. எஸ்6 கைனேஸ் அடங்கும்போது அது மேலே செலுத்திவந்த எதிர்ப் பின்னூட்டம் விலகி, ஏகேடி என்னும் மற்றொரு கைனேஸ் கிளர்ந்தெழுவது அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. ஆக, ஏகேடியை மேலிருந்து இயக்கும் பிஐ3 கைனேஸும் ஏகேடியும் பெருக்கத்தின் பக்கம் நிற்பவை என்று மேலோட்டமாகச் சொல்லிவிட முடியாது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி தூண்டும்போது அதே பாதை செல்லைச் சுருங்கும் நிலையிலேயே காத்து நிற்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த முரணை அவிழ்க்க விரும்புபவருக்கு ஏகேடியின் வகைகளைத் தனித்தனியே அடக்கும் ஆர்என்ஏ நுட்பமும், பல பாஸ்பேட் ஆன்டிபாடிகளும், அவற்றைக் கோடை முழுவதும் பழுதில்லாமல் வைத்திருக்கும் உறைபெட்டியும் வேண்டும். பணமும் கைப்பழக்கமும் உள்ள ஆய்வகத்துடன் கூட்டாக வேலை செய்ய வழியிருப்பவர் இதை எடுக்கலாம். தனித்து இயங்குபவருக்கு இது பாரம்.

இந்தப் பாதைக்கு ஒரு குறையும் உண்டு. அடுத்த தேர்வைப் புரிந்துகொள்ள அதை இங்கேயே சொல்ல வேண்டும். எம்-டார் தடுப்பு மென்தசைச் செல்லையும் உட்சுவரின் எண்டோதீலியச் செல்லையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஸ்டென்ட் கம்பிகளின் மேல் எண்டோதீலியம் படர்ந்து மூடுவது தாமதமாகிறது. மூடாத உலோகத்தில் பல மாதங்கள் கழித்தும் இரத்தம் உறையும் ஆபத்து எஞ்சுகிறது. 2006 வாக்கில் இது பெரும் கவலையாக எழுந்தது. ஸ்டென்ட் வைத்தவர்கள் மாதக்கணக்கில் இரண்டு தட்டு எதிர்ப்பு மருந்துகளை விடாமல் உட்கொள்ள வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிந்தைய தலைமுறை ஸ்டென்ட்டுகள் அந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன என்பது உண்மை. ஆனாலும் மென்தசையை நிறுத்தி, எண்டோதீலியத்துக்கு இடையூறு செய்யாத சமிக்ஞை எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆஞ்சியோடென்சின் பாதையை நாடுபவர்கள் இங்கு அதிகம். இரத்த அழுத்த மாத்திரை வாங்காத வீடு குறைவு என்பதால் தலைப்பு உடனே புரிகிறது. ஆஞ்சியோடென்சினின் ஏற்பியைத் தடுக்கும் லோசார்டன் மலிவாகக் கிடைக்கிறது. எந்தக் கமிட்டியும் தலையாட்டும். நான் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, அளக்கும் பொருள் பற்றியது: எலியின் பெருந்தமனியிலிருந்து வளர்த்த மென்தசைச் செல்களை ஆஞ்சியோடென்சின் பருக்கச் செய்கிறதே தவிர, எண்ணிக்கையில் பெருக்குவதில்லை என்று 1988லேயே காட்டப்பட்டது. செல் பருத்துப் புரதம் கூடினால், செல்லின் வளர்சிதை மாற்றத்தை நிறமாக்கிக் காட்டும் எம்டிடி சோதனையின் ஊதா நிறமும் கூடக்கூடும்; அதைப் பெருக்கம் என்று எழுதிவிடுவது எளிது. இரண்டாவது, எலியிலிருந்து மனிதருக்குப் பாலம் கட்டுவது பற்றியது. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் சிலாசாப்ரில் என்ற மருந்து பலூன் காயம் பட்ட எலித் தமனியில் படலம் தடிப்பதைக் குறைத்தது என்று 1989இல் செய்தி வந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. 1992இல் வெளியான மெர்கேட்டர் ஆய்வில் மனிதரிடம் அதே மருந்து மறு அடைப்பைத் தடுக்கவில்லை. எலிகளுக்கு உடல் எடைக்குக் கொடுத்த அளவு மனிதருக்குக் கொடுத்ததைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது ஒரு விளக்கம். எலிச் சுவரில் மென்தசைச் செல்தான் ஏறக்குறைய எல்லாமும் என்பதும், நோயுற்ற மனிதச் சுவரில் கொழுப்பும் அழற்சிச் செல்களும் சுண்ணமும் கலந்திருக்கின்றன என்பதும் இன்னொன்று. ஆஞ்சியோடென்சினை ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் நோக்கில் ஆராய விரும்புபவருக்கு இந்தத் தடைகள் அவ்வளவாகப் பொருந்தா. பெருக்கமே கேள்வி என்றால் இது சரியான வாசல் அன்று.

டிஜிஎஃப்-பீட்டா என்னும் மற்றொரு வளர்ச்சிக் காரணியைப் பற்றி ஒரே செய்தி போதும். குறைந்த செறிவில் செல்லைத் தன் பிடிஜிஎஃப்பைத் தானே சுரக்க வைத்துப் பெருக்கியும், செறிவு கூடும்போது அதே பெருக்கத்தை அடக்கியும், அது இரண்டு பக்கமும் பேசுகிறது. முதல் ஆய்வேட்டுக்கு அது ஏற்றதல்ல. நாட்ச், டபிள்யுஎன்டி பாதைகளுக்கு மரபணு மாற்றிய விலங்குகள் இல்லாமல் அதிக தூரம் போக முடியாது.

மேலேயுள்ள எந்தப் பாதையும் வேண்டாம், எல்லாம் கடைசியில் வந்து சேரும் செல் சுழற்சியின் வாசலிலேயே பூட்டைப் போட்டுவிடலாமே என்று சிலர் வாதிடுவது உண்டு. அந்த எண்ணத்துக்கு மருத்துவம் ஒரு நியாயமான வாய்ப்பைக் கொடுத்தது. செல் சுழற்சிக்கான மரபணுக்களை இயக்கும் ஈ2எஃப் என்னும் காரணியை ஏமாற்றிப் பிடித்துவைக்கும் டிஎன்ஏ துண்டான எடிஃபோலிகைடை, இதய பைபாஸ் அறுவைக்கு எடுத்த சிரைகளில் ஊற வைத்துப் பார்த்தார்கள். 3,014 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது; சிரை அடைபடுவதில் பயன் ஏதும் தெரியவில்லை. ஒருமுறை ஊறவைத்த தடை, வாரக்கணக்கில் தொடரும் தூண்டுதலுக்கு எதிராகத் தாங்கவில்லை என்று அதை நான் வாசிக்கிறேன். வேறு விதமாக வாசிப்பவர்களும் உண்டு.

இனி என் தேர்வு. சைக்ளிக் ஏஎம்பி இந்தச் செல்லில் தூண்டுதல் அல்ல, தடை. அது கூடும்போது புரதக் கைனேஸ் ஏ விழித்து, ராஃப் மட்டத்தில் ஈஆர்கே பாதையை மட்டுப்படுத்துகிறது, சைக்ளின் டி1 குறைகிறது, பி27 கூடுகிறது. ஈபேக் என்னும் இன்னொரு ஏற்பியின் வழியாகவும் சமிக்ஞை பிரிகிறது. செல்லின் ஆக்டின் இழைகள் கலைந்து, யாப் என்னும் புரதம் உட்கருவை விட்டு வெளியேறுவதால் பெருக்கத்துக்கான மரபணுக்கள் அடங்குகின்றன என்பது பின்னாளில் சேர்ந்த செய்தி. எண்டோதீலியத்தைப் பொறுத்தவரை, ஈபேக் வழியாகச் சைக்ளிக் ஏஎம்பி அந்தச் செல்களின் இணைப்பை இறுக்கிச் சுவரைக் காக்கிறது. எம்-டார் தடுப்பில் கண்ட குறைக்கு நேர் எதிரான பண்பு இது. சைக்ளிக் ஏஎம்பி சிதைவதைத் தடுக்கும் சிலோஸ்டசால் 1999 முதல் அமெரிக்காவில் கால் தமனி அடைப்பு நோயாளிகளுக்கு வழங்கப்படுகிறது. நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆகவே மனிதருக்குச் செல்லும் பாலமும் ஓரளவு போடப்பட்டே இருக்கிறது.

இந்தப் பாதையைத் திறக்கும் சாவி இந்த மாவட்டத்து வயல்களிலேயே விளைகிறது. சேலம், ஆத்தூர் பக்கம் ஒப்பந்த முறையில் பயிரிடப்படும் மருந்துக்கூர்க்கன் கிழங்கில் ஃபோர்ஸ்கோலின் இருக்கிறது. 1970களில் மும்பையிலிருந்த ஹோக்ஸ்ட் ஆய்வகத்தில் அது பிரித்தெடுக்கப்பட்டது. அடினைல் சைக்ளேஸ் நொதியை நேரடியாகத் தூண்டி அது சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்துகிறது என்று 1981இல் சீமனும் டேலியும் காட்டினர். அன்றிலிருந்து உலகெங்கும் செல் ஆய்வகங்களின் அலமாரியில் அது இருக்கிறது. உலர்ந்த தூளாக அறை வெப்பத்தில் தாக்குப்பிடிக்கும் என்பதால் சித்திரை வெயிலில் கூரியரில் வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப் பயிர் என்ற உற்சாகத்தில் கிழங்கை அரைத்துக் கச்சாச் சாற்றைச் செல்லின் மேல் ஊற்றிவிடக் கூடாது. அந்தச் சாற்றில் ஃபோர்ஸ்கோலினை ஒத்த பல டைடெர்பீன்கள் கலந்திருக்கும். எது எதைச் செய்தது என்று பின்னால் எவராலும் சொல்ல முடியாது. தூய பொருளை வாங்கி, 10 மைக்ரோமோலார் அளவை ஒட்டிச் செறிவுகளை மாற்றிப் பார்ப்பதே முறை. ஏற்காட்டுக் காப்பியை வைத்து இதே பாதையைத் தொடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே விடைதான் பொருந்தும்: கஃபீன் சைக்ளிக் ஏஎம்பியின் சிதைவைத் தடுக்கக்கூடியது என்றாலும், அதற்கு வேண்டிய செறிவு ஒரு கோப்பை காப்பி குடித்தவரின் இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு, அந்த அளவில் செல்லில் வேறு பலவும் குலைந்துபோகும்.

ஃபோர்ஸ்கோலினிலும் குறை உண்டு. அது குளுக்கோஸைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தையும் சில பொட்டாசியம் வாய்க்கால்களையும் தடுக்கிறது; சைக்ளிக் ஏஎம்பிக்கும் இந்தத் தடுப்புக்கும் தொடர்பில்லை. இதற்கு ஒரு நல்ல மாற்றாள் இருக்கிறது: 1,9-டைடியாக்ஸிஃபோர்ஸ்கோலின் அந்தப் பக்க விளைவுகளைக் காட்டும், ஆனால் அடினைல் சைக்ளேஸைத் தூண்டாது. இதைக் கட்டுப்பாடாக வைக்காத ஆய்வுக் கட்டுரையை நான் ஐயத்துடனேயே படிப்பேன். ஃபோர்ஸ்கோலின் நீரில் கரையாது என்பதால் டிஎம்எஸ்ஓவில் கரைக்க வேண்டியிருக்கும். அந்தக் கரைப்பானே மென்தசைச் செல்லின் பெருக்கத்தைக் குறைக்கக்கூடியது ஆகையால், வளர்ப்புத் தட்டின் எல்லாக் குழிகளிலும் அதன் அளவு ஒன்றாகவும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

இந்தப் பாதையில் கேட்கத்தக்க கேள்வி, தடை எந்த இடத்தில் விழுகிறது என்பது. ராஃப் மட்டத்திலா, அல்லது ஆக்டினும் யாப்பும் இருக்கும் இன்னும் கீழான மட்டத்திலா? விலை உயர்ந்த கருவி இல்லாமலே இதை அணுகலாம். செல்களை ஒன்றிரண்டு நாள் மிகக் குறைந்த சீரத்தில் பட்டினி போட்டு ஒரே கட்டத்தில் நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பிடிஜிஎஃப் கொடுத்து, ஃபோர்ஸ்கோலினை மட்டும் ஒரு தொகுதிக்குத் தொடக்கத்திலும், மற்றொன்றுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இன்னும் சிலவற்றுக்கு நான்கு, எட்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் சேர்க்க வேண்டும். ஈஆர்கேயின் முதல் உச்சம் கடந்து வெகு நேரம் ஆன பின்னும் ஃபோர்ஸ்கோலின் செல்லை நிறுத்துகிறது என்றால், அந்த உச்சத்தைக் குறைப்பது மட்டும் அதன் வேலை அன்று என்பது தெளிவாகிவிடும். எம்இகேவை அடக்கும் யு0126ஐயும் அதே மணிகளில் சேர்த்து இரண்டு வளைகோடுகளையும் அருகருகே வைத்தால், ஈஆர்கே பாதை அளவுகோல் என்று முன்னர் சொன்னதற்கு இங்கே பயன் கிடைக்கிறது.

செல்லுக்கு எங்கே போவது என்பதும் முடிவின் ஒரு பகுதிதான். எலிக் கருவின் பெருந்தமனியிலிருந்து பெறப்பட்ட ஏ7ஆர்5 போன்ற செல் வரிசைகள் கையாள எளியவை. ஆனால் சுருங்கும் செல்லின் பண்புகள் பலவற்றை அவை முழுமையாக வைத்திருப்பதில்லை. அதிகாலை இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டின் பெருந்தமனியைக் குளிர்ந்த கரைசலில் வாங்கிவந்து, நடு அடுக்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒட்டவைத்தால், சில நாட்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் செல்கள் வெளியே ஊர்ந்துவரும். செழித்து நெருங்கும்போது மேடும் பள்ளமுமாக அவை வளர்வதும், ஆல்ஃபா ஆக்டின், மயோசின் கனச் சங்கிலி ஆகியவற்றுக்கான நிறமேற்றமும் அவற்றை உறுதிப்படுத்த உதவும். சீரத்தில் வளரத் தொடங்கியதிலிருந்தே அவை சுருங்கும் பண்பை இழந்துகொண்டு வருவதால், தொடக்கத் தலைமுறைகளிலேயே பரிசோதனையை முடித்துவிட வேண்டும். பெருக்கத்தை அளப்பதற்கு எம்டிடியை மட்டும் நம்பக் கூடாது. ஃபோர்ஸ்கோலின் குளுக்கோஸ் நுழைவையே மாற்றுவதால், செல்லின் வளர்சிதை மாற்றத்தை நிறமாக்கும் சோதனை இந்த இடத்தில் குறிப்பாக வழுக்கும். ஹீமோசைட்டோமீட்டரில் செல்களை எண்ணுவதும், புதிய டிஎன்ஏவில் பிஆர்டியு என்னும் அடையாளப் பொருள் ஏறியதைப் பார்ப்பதும் அலுப்பான வேலைகள்தாம்; இவற்றின் விடைக்குத்தான் மதிப்பு.

இந்தத் தேர்வைக் கைவிட வேண்டிய சூழ்நிலையையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. முதல் ஆறு மாதத்துக்குள் 1,9-டைடியாக்ஸிஃபோர்ஸ்கோலினும் ஃபோர்ஸ்கோலினுக்கு நிகராகச் செல்லை நிறுத்திவிட்டால், அல்லது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி உயர்ந்ததை, ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் எலைசா சோதனையில் காட்ட முடியாமல் போனால், அந்த ஆட்டுச் செல்களைக் கொண்டு தடைப் பாதையைப் பற்றி எதையும் எழுத முடியாது. அப்போது அதே செல்களையும் அதே பிஆர்டியு முறையையும் வைத்துக்கொண்டு, ராபமைசின் கொடுத்தபின் சுருங்கும் புரதங்கள் திரும்புகின்றனவா என்ற எம்-டார் கேள்விக்கு மாறிக்கொள்ளலாம். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுபவை ராபமைசினும், எஸ்6 கைனேஸ், ஏகேடி ஆகியவற்றின் பாஸ்பேட் நிலையைக் காட்டும் இரண்டு ஆன்டிபாடிகளுமே.